பழ ஈயில் ஆணை மட்டும் வளர்த்தல்: ஆதாயமும் விலையும்

மத்தியதரைக்கடல் பழ ஈயின் கரு, தடையில்லாவிட்டால் பெண்ணாகவே வளரும். தாய் முட்டைக்குள் விட்டுச்செல்லும் ஆர்என்ஏ, ‘டிரான்ஸ்ஃபார்மர்’ மரபணுவைத் தொடங்கிவைக்கிறது. பிறகு அது தன்னைத்தானே ஓட்டிக்கொள்கிறது. ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு இந்த ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தினால்தான் கரு ஆணாகும். அந்த மரபணு 2019-இல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் ஆண்களைப் பிரித்தெடுக்கும் தொழில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்த ஈயைக் கட்டுப்படுத்த, கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைப் பறக்கவிடும் முறையில் பெண் ஈ வெறும் சுமை. மலடானாலும் அது பழத்தைத் துளைக்கும். கூடவே விடப்பட்ட ஆண்களின் கவனத்தையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க இரண்டு ஒடுங்கு திரிபுகள் (இயல்பான பிரதி ஒன்றிருந்தாலே வெளிப்படாதவை) பயன்படுகின்றன. ஒன்று கூட்டுப்புழு உறையை வெள்ளையாக்கும். மற்றொன்று கருவை வெப்பம் தாங்காமல் சாகவைக்கும். இவற்றின் இயல்பான பிரதிகளை ஒய் குரோமோசோமோடு ஒட்டிவிட்டதால் ஆண்கள் மட்டும் தப்புகின்றன. முட்டைகளை ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தாலே பெண் கருக்கள் மடிந்துவிடும். அவற்றுக்குப் புழுத்தீனி செலவில்லை. குவாத்தமாலாவின் காப்பித் தோட்டச் சோதனைகளில், இருபாலும் கலந்து விட்டதைவிட ஆண்களை மட்டும் விட்டது பன்மடங்கு பலன் தந்தது.

இந்த ஒட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒட்டப்பட்ட ஆணின் விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி சமநிலை குலைந்தவை. அவற்றிலிருந்து உருவாகும் கருக்கள் பிழைப்பதில்லை. எப்போதாவது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி, வெப்பம் தாங்கும் பெண்ணும் பிறக்கும். பெருந்திரளாக வளர்க்கும்போது அதன் வாரிசுகள் மற்றவற்றை முந்திப் பெருகும் என்பதால், சுத்தமான சிறு தாய்க்கூட்டம் ஒன்றைத் தனியே பேணி, அதிலிருந்தே உற்பத்தியைத் திரும்பத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது. செலவு கூடினாலும் சமாளிக்கக்கூடிய குறைதான் இது.

மரபணுவால் எளிதில் தீர்க்க முடியாத குறை வேறொன்று. இந்த ஈயில் துணையைத் தேர்ந்தெடுப்பது பெண். ஆண்கள் இலைகளின் அடியில் கூடி, மணம் பரப்பி, சிறகு விசிறிக் காத்திருக்கும். நெரிசலான கூண்டுக்குள் தலைமுறைகளாக வளர்ந்த ஆணின் அழைப்பு காட்டுப் பெண்ணுக்கு ஒப்பாமல் போகலாம். ஹவாயின் கவாய் தீவில் தொடர்ந்து மலட்டு ஈக்கள் விடப்பட்ட இடத்தில், அந்த ஆண்களை ஒதுக்கும் பெண்கள் பெருகியது 1996-இல் பதிவானது. இஞ்சி வேர் எண்ணெயின் வாசனையில் ஆண்களை வைத்திருந்து அனுப்பினால் இணைசேரும் வாய்ப்பு உயர்கிறது. இத்தனை நுட்பத்துக்குப் பிறகு கைகொடுப்பது இஞ்சி!

வெள்ளை உறைக்குக் காரணமான மரபணு 2021-இல் கண்டறியப்பட்டது. மாம்பழத்தைத் தாக்கும் கீழ்த்திசைப் பழ ஈயிலும் அதே மரபணுவே அந்த நிறத்தைத் தருகிறது. ஆகவே தமிழ்நாட்டு மாந்தோப்புகளுக்குரிய ஈயிலும் உறையின் நிறத்தை வைத்துப் பால்பிரிப்பு எட்டாத ஒன்றல்ல. சிக்கல் தோப்பில்தான் இருக்கிறது: அங்கு தொங்கும் மெத்தில் யூஜினால் பொறிகள் ஆண் ஈக்களையே கவர்ந்து கொல்கின்றன. விடப்படும் மலட்டு ஆண்களும் அவற்றில்தான் விழும். முன்கூட்டியே மெத்தில் யூஜினால் ஊட்டி அனுப்பினால் அந்த ஈர்ப்பு குறையும். அப்போதும் ஒரு தோப்பில் விட்டுப் பக்கத்துத் தோப்பை விட்டுவிட்டால், சினையான பெண்கள் வேலி தாண்டி வந்துவிடும்.