ஏழாயிரம் படிகளும் கொஞ்சம் குளிரும்

உலகத்தை விழுங்க வந்த ஆல்டுயின் என்ற டிராகனைக் கொன்றுவிட்டால் ஸ்கைரிம் என்ற கேமில் கதை முடிந்ததாகக் கணக்கு. மாண்ட வீரர்கள் வாழும் சோவ்ன்கார்டில் அந்தச் சண்டை நடக்கிறது. வென்ற பிறகு நம்மைக் கொண்டுவந்து மலையுச்சியில் நிறுத்துவார்கள். சுற்றிலும் டிராகன்கள் கூடி முழங்கும், கிழட்டு பார்தர்னாக்ஸ் இரண்டு வார்த்தை பேசும், அவ்வளவுதான். பெயர்ப் பட்டியல்கூட ஓடாது. மலையிறங்கி வந்தால் இன்னொரு டிராகன் நெருப்பைக் கக்கிக்கொண்டு எதிரே வரும். ஊர்க் காவலாளி, முழங்காலில் அம்பு பட்டதால் சாகச வாழ்க்கையை விட்ட கதையை மறுபடியும் ஆரம்பிப்பான். உலகத்தைக் காப்பாற்றியதை உலகம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

2011 நவம்பர் 11இல் பெதஸ்தா நிறுவனம் வெளியிட்ட இந்த கேமைத் தீராமல் ஓடும்படிதான் கட்டியிருக்கிறார்கள். கொலைகாரர்களின் ரகசியக் கூட்டமான டார்க் பிரதர்ஹுட்டின் கதை முடிந்ததும் ஒரு குவெஸ்ட் வரும். யாரையாவது கொன்றுவிட்டு வா என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கும், கணினியே ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். ஆகவே ஸ்கைரிமை முடித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், போதும் என்று அவரே ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார் என்று பொருள். எங்கே நிறுத்தினார் என்று கேட்டால் ஆளின் ரசனை பிடிபட்டுவிடும். எந்தெந்த மாட்களோடு ஆடினார் என்றும் கேட்டால் மிச்சமும் தெரிந்துவிடும்.

மாட் என்பது ரசிகர்கள் தாங்களாகவே செய்து கேமில் சேர்க்கும் மாற்றம். பெதஸ்தா இதற்குக் கதவைத் திறந்துவைத்தே பழகிய நிறுவனம். 2002இல் மாரோவிண்ட் வந்தபோது, அதை உருவாக்கிய கருவியையே கணினிப் பதிப்போடு சேர்த்துக் கொடுத்தது. ஸ்கைரிமுக்கான கருவி 2012 பிப்ரவரியில் வந்தது. இன்று நெக்ஸஸ் தளத்தில் ஸ்கைரிமுக்கு மட்டும் பல்லாயிரக்கணக்கில் மாட்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாளுக்குப் பளபளப்பு, பெண்ணுக்கு மேக்கப், புல்லுக்கு இன்னும் கொஞ்சம் புல். இவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியது ஃப்ராஸ்ட்ஃபால் பற்றி. செஸ்கோ என்ற புனைபெயரில் இயங்கியவர் செய்தது. மூல கேமில் ஸ்கைரிம் என்பது பனி மூடிய வடக்கு நாடு. ஆனால் அங்கே குளிர் கிடையாது. விண்டர்ஹோல்டுக்கு வடக்கே பனிப்பாறைகள் மிதக்கும் கடலில் இடுப்புத் துணியோடு நீந்தலாம், கரையேறி அப்படியே பனிப்புயலுக்குள் நடக்கலாம், ஒன்றும் ஆகாது. ஓவியர்கள் வரைந்த பனி கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. ஃப்ராஸ்ட்ஃபால் அந்த ஒரே குறையைப் பிடித்துக்கொண்டது. நனைந்தால் ஈரம் தங்கும். ஈரத்தோடு காற்றில் நின்றால் குளிர் ஏறும். தீ மூட்டி உட்கார்ந்தால் மெல்லக் குறையும். வரைபடத்தில் ஓர் ஊரைச் சொடுக்கி நொடியில் போய்ச் சேரும் வசதியையும் அது பறித்துவிடும், நடக்க வேண்டும். பெதஸ்தாவே இப்படியொரு முறையை 2017இல் அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு ரசிகர் அதைச் செய்து முடித்திருந்தார், அதுவும் இன்னும் நுட்பமாக.

இதன் அருமை ஐவர்ஸ்டெட் என்ற மலையடிவாரக் கிராமத்தில்தான் விளங்கும். அங்கிருந்து ஹை ஹ்ரோத்கார் மடத்துக்கு ஏழாயிரம் படிகள் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் எண்ணினால் ஆயிரம்கூடத் தேறாது. கிராமத்தில் கிளிம்மெக் என்றொருவர் இருக்கிறார். மேலே இருக்கும் துறவிகளுக்கு உணவுப் பொருள் சுமந்துபோகிறவர். கால் முன்போல ஒத்துழைப்பதில்லை, இந்தப் பையை மட்டும் மேலே சேர்த்துவிட முடியுமா என்று கேட்பார். மடத்து வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் வேலை முடிந்தது. முதல் ஆட்டத்தில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. எப்படியும் மேலே போகத்தானே போகிறோம்.

குளிரைச் சேர்த்துவிட்டு அதே பையைத் தூக்கிப் பாருங்கள். பாதி வழியில் புயல் பிடிக்கும். வழிநெடுக நிற்கும் கல்வெட்டுகளை நின்று படிக்கலாமா, நின்றால் விறைத்துவிடுவோமா என்று யோசனை வரும். எல்லாவற்றையும் படித்தால் விலங்குகள் நம்மை ஒன்றும் செய்யாத ஒரு வரம் கிடைக்கும், ஆனால் அதற்குக் குளிர் தாங்க வேண்டும். மேலே ஓரிடத்தில் பனி ட்ரோல் காத்திருக்கும். அதைக் கொன்று, நடுங்கிக்கொண்டு மடத்து வாசலை அடைந்து, பெட்டியைத் திறந்து பையை வைக்கும்போது கிளிம்மெக்கின் கால்வலி என்னவென்று நமக்குப் புரிகிறது. அந்த குவெஸ்ட்டில் செஸ்கோ ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. எழுதியவர்கள் எழுதிவைத்த வசனம் அப்படியே இருக்கிறது. அது முதல்முறையாக உண்மையாகிறது. என்னைப் பொறுத்தவரை நல்ல மாட் என்றால் இதுதான்: மூலத்தில் ஏற்கெனவே சொல்லப்பட்டு, சொன்னவர்களே கைவிட்ட ஒன்றை நிறைவேற்றுவது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகின்றன. ஜெரமி சோலின் இசையை மாற்றும் மாட்கள் எனக்குத் தேவையில்லை, இரவு வானத்தின் கீழ் அது ஒலிக்கும்போது அங்கே எந்தக் குறையும் இல்லை. ஸ்கை யூஐ தேவை. மூல மெனு டிவி முன்னால் கன்ட்ரோலரோடு உட்காருபவருக்காகச் செய்தது, எடையும் விலையும் பார்க்க ஒவ்வொரு பொருளாகத் தடவ வேண்டும். ஸ்கை யூஐ அதைப் பத்தி பத்தியாக அடுக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிழைகளைத் திருத்தும் அன்அஃபிஷியல் பேட்ச்சை முழுமனதாகப் பாராட்ட முடியவில்லை. நூற்றுக்கணக்கான பிழைகளைத் திருத்தியவர்கள் ரெட்பெல்லி சுரங்கத்தில் இருந்த இரும்புத் தாதுவை எபனியாகவும் மாற்றினார்கள். அது பிழைதானா என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். சண்டையில் நான் இரும்பின் பக்கம்.

பழைய ஸ்கைரிமில் ப்ளகின்கள் எனப்படும் மாட் கோப்புகளை 255க்கு மேல் ஏற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் அடையாள எண், அது தீர்ந்தால் இடமும் தீர்ந்தது. எது முதலில், எது பின்னால் என்ற வரிசையும் முக்கியம். ஒரே சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டினால் மேலே ஒட்டியதுதான் தெரியும். ஒரே பொருளை இரண்டு மாட்கள் தொட்டால் வரிசையில் கடைசியாக வருவதே நிற்கும். இந்த லோட் ஆர்டரைச் சரிசெய்வதிலேயே வாரக்கணக்கில் மூழ்கி, ஆட்டத்தைத் தொடங்காமலே போனவர்கள் உண்டு. ஆனால் இடப்பற்றாக்குறை ஒரு நல்லது செய்தது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையது ஒன்றை எடுக்க வேண்டும், அதனால் எது உண்மையிலேயே தேவை என்று கேட்டாக வேண்டியிருந்தது. 2016இல் ஸ்பெஷல் எடிஷன் வந்தது. சிறு ப்ளகின்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வழியும் அதில் பிறந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாட்களைக் கோத்த தொகுப்புகளை மொத்தமாக இறக்கிக்கொள்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. யார் தேர்ந்தெடுத்தது என்றுதான் தெரிவதில்லை.

மூலத்தைத் தாண்டிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நிக் பியர்ஸ் 2015இல் வெளியிட்ட ‘தி ஃபர்காட்டன் சிட்டி’யில், ஒருவர் சட்டத்தை மீறினாலும் மொத்த நகரமும் அழியும். நாம் காலத்தில் பின்னோக்கிப் போய்க் குற்றவாளியைத் தேட வேண்டும். ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கம் 2016இல் அதற்கு விருது கொடுத்தது. 2021இல் அது ரோமானிய நகரமாக மாறித் தனி கேமாகவே வந்தது. ஜெர்மனியின் ஷூர் ஏஐ குழு 2016இல் தந்த எண்டெரால், ஸ்கைரிமின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு புதிய நிலம், புதிய மக்கள், இருண்ட கதை என்று முழு உலகத்தையே எழுப்பியது. அதில் முடிவு என்றால் முடிவுதான். யாரைக் காப்பது, எதை இழப்பது என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும், அதன்பின் உலாவ உலகம் இருக்காது. கோடிக்கணக்கில் விற்ற கேமுக்கு வராத துணிச்சல், இலவசமாகக் கொடுத்த குழுவுக்கு வந்தது.

இதற்குக் காசு வாங்கலாமா என்ற கேள்வி 2015 ஏப்ரலில் எழுந்தது. ஸ்டீம் கடையில் மாட்களை விற்க ஏற்பாடு வந்தது, செய்தவருக்கு விலையில் கால் பங்கு. ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் எல்லாம் திரும்பப் பெறப்பட்டது. செய்தவருக்குக் காசு கிடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கால் பங்கு என்ற கணக்கில்தான்.

இவ்வளவு கறாராகப் பேசிவிட்டு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டிராகன்கள் எல்லாவற்றையும் தாமஸ் ரயில் இன்ஜின்களாக மாற்றும் ஒரு மாட் இருக்கிறது. வட்ட முகத்தோடு சிரித்தபடி, கூவிக்கொண்டே வானத்திலிருந்து இறங்கி ஊரைக் கொளுத்தும். மேலே சொன்ன அளவுகோல் எதற்கும் அது தேறாது. மெயின் குவெஸ்ட்டை ஒழுங்காக முடித்துவிட்ட சேவில் அதை ஏற்றிப் பாருங்கள். ஏழாயிரம் படி ஏறிய களைப்புக்கு அது போதும்.