எற்பாட்டு வெளிச்சமும் டாக்ஸியின் பானெட்டும்

நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் கதிரவன். பாடு என்றால் சாய்தல். கடலும் சாயும் சூரியனும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று அன்றே கண்டவர்கள் நம் முன்னோர். மும்பையில் குடியேறிய நமக்கு அந்தத் திணையும் பொழுதும் ஒருசேரக் கிடைக்கும் இடம் மரைன் டிரைவ். அந்தச் சுவரில் உட்கார்ந்து சிங்தானா கொறித்தபடி சூரியன் இறங்குவதைப் பார்க்காத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. அப்படி உட்கார்ந்திருக்கையில் முதுகுப் பக்கம் ஓடும் கார்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. நான் பேச வந்தது அந்தக் கார்களைப் பற்றி. அதாவது, அந்தியில் கார்களைப் படம் எடுக்கும் கலையையும், அதில் கணினித் திருத்தம் செய்யும் வேலையையும் பற்றி.

'என்னய்யா, காரைப் படம் எடுப்பதெல்லாம் ஒரு கலையா?' என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. காரைப் படம் எடுப்பவன் உண்மையில் எடுப்பது காரை அல்ல, அதன்மேல் விழுந்து கிடக்கும் உலகத்தை. கார் ஓர் வளைந்த கண்ணாடி. உச்சி வெயிலில் பானெட்டில் ஒரு பொட்டு வெள்ளையாக எரியும், சக்கரத்துப் பக்கம் இருண்டு போகும். சூரியன் மறைந்த பிறகோ வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. மேற்கே செம்மை, உச்சியில் நீலம். இரண்டும் காரின் தோளில் ஒரு நீண்ட கோடாகச் சேர்ந்து இறங்கும். அந்தக் கோடுதான் காருக்கு உருவம் தருவது. அதனால்தான் தேர்ந்த புகைப்படக்காரர்கள் பலர் சூரியன் கண்ணில் படும்போது சும்மா இருந்துவிட்டு, மறைந்த பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆனால் நம் ஊரில் அந்த வேளை மிகக் குறுகியது. மும்பை 19 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே இறங்கிவிடும். மறைந்த பின் நல்ல வெளிச்சம் நிற்பது 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. லண்டன்காரனுக்குக் கோடையில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த சாவகாசமான அந்தியை இங்கே எதிர்பார்த்து ஏமாந்தவன், மிச்சத்தைக் கணினியில் தேடுகிறான். பாதித் திருத்தத்துக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணம் நியாயமானது. மேற்கு வானத்துக்கும் காரின் நிழல் பக்கத்துக்கும் வெளிச்ச வேறுபாடு எளிதாக 8, 10 'ஸ்டாப்' வரும். ஒவ்வொரு ஸ்டாப்பும் இருமடங்கு. 10 ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்குக்கும் மேல். கண் இதைச் சமாளித்துவிடும். பழைய ஸ்லைடு பிலிம் ஐந்தாறு ஸ்டாப்போடு கை விரித்துவிடும். இன்றைய நல்ல டிஜிட்டல் கேமராவின் ரா கோப்பில் 14 ஸ்டாப் வரைகூட அடங்கும். அடங்குமே தவிர, அப்படியே காட்டாது. நிழலில் ஒளிந்திருக்கும் சக்கரத்தையும் கதவையும் மேலே கொண்டுவர ஒருவர் உட்கார்ந்து திருத்தியே ஆகவேண்டும். கேமரா வாங்கிக்கொண்டதை வெளியே எடுத்து வைப்பது ஏமாற்று ஆகாது. 2005-ல் போட்டோஷாப்பில் ஹெச்.டி.ஆர். வசதி வந்த புதிதில் இதையே அளவுக்கு மீறிச் செய்து, எல்லாப் படத்தையும் சாமிபடக் காலண்டர் மாதிரி ஆக்கினார்கள். அது ருசிக் குற்றம். பொய்க் குற்றம் அல்ல.

'அந்தக் காலத்துப் படமெல்லாம் சத்தியம், கம்ப்யூட்டர் வந்துதான் கெட்டது' என்கிற பேச்சையும் நான் ஏற்பதில்லை. 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடற்காட்சிகளை எடுத்தார். அன்றைய கண்ணாடித் தகடு நீலத்துக்கு அதிகமாக மயங்கும். கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும். ஆகவே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியே எடுத்து ஒட்டி அச்சிட்டார். ஒரே மேகத்தை ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களுக்குப் போட்டதும் உண்டு! 2020 அக்டோபரில் போட்டோஷாப்பில் 'வானம் மாற்று' என்று ஒரு பொத்தான் வந்தபோது உலகம் வியந்தது. லெ கிரே இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் கடலுக்கு வானம் மாற்றுவது வேறு, காருக்கு மாற்றுவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புகைப்படப் போட்டியில் நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். அந்தியும் காரும் சேர்ந்த படங்கள் ஒரு கட்டு வந்திருந்தன. வானத்தில் தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சு. கீழே காரின் பானெட்டிலோ சாம்பல் நிற மேகமூட்டம். கூரையின் ஓரத்தில் ஒரு துளி சிவப்பு கிடையாது. வானம் மாறிவிட்டது, காருக்குச் செய்தி போகவில்லை! அன்றிலிருந்து இப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால் நான் வானத்தை முதலில் பார்ப்பதில்லை, பானெட்டைத்தான் பார்க்கிறேன். நீங்களும் பார்த்துப் பழகுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு கருவிகள் அந்தப் பிரதிபலிப்பையும் சேர்த்தே வரைந்து தருகின்றன. கண்டுபிடிப்பது கஷ்டமாகி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விளம்பரக்காரர்களை நான் இதில் இழுக்கவில்லை. அந்திச் சாலையில் பறக்கிற மாதிரி நாம் பார்க்கும் பல படங்களில் கார் நடை வேகத்தில்தான் போயிருக்கும். காரோடு ஒரு நீண்ட கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் கேமராவை வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, ஆள் வைத்துத் தள்ளுவார்கள். ஷட்டர் சில விநாடி திறந்திருக்கும். சாலை கலங்கும், கார் தெளிவாக நிற்கும். கம்பியையும் அதன் பிரதிபலிப்பையும் பிறகு அழித்துவிடுவார்கள். 2016-ல் லண்டன் 'தி மில்' நிறுவனம் ஒருபடி மேலே போனது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு வெறும் வண்டியை ஓட்டிப் படமெடுத்து, அதன்மேல் எந்தக் காரை வேண்டுமானாலும் கணினியில் போர்த்தினார்கள். விற்பவன் சோடிப்பான், வாங்குபவனுக்கும் அது தெரியும்.

எனக்கு மனம் தாங்காதது வேறு ஒன்று. நம்முடைய கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்ஸி. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு அந்த வண்டி மும்பைத் தெருவிலிருந்து விடைபெற்றது. தாதரில் ரயிலை விட்டு இறங்கி, கேரியரில் பெட்டியும் அரிசி மூட்டையும் கட்டி, மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்த வண்டியின் அந்திப் படங்கள் இன்று ஓட்டல் சுவரிலும் காபிக் கோப்பையிலும் வாழ்த்து அட்டையிலும் வருகின்றன. எடுத்துப் பாருங்கள். நசுங்கல் இல்லை. துரு இல்லை. இடது முன்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு நின்ற மீட்டர் பல படங்களில் காணோம். கோட்டின் அழகைக் கெடுக்கிறதாம். பலமுறை பெயிண்ட் பூசி அலையலையாகிப் போன கறுப்பு பானெட்டை இஸ்திரி போட்ட மாதிரி வழவழவென்று ஆக்கி, அதில் சுத்தமான செவ்வானம்! அந்த பானெட்டில் கடல் ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. கலங்கித்தான் தெரியும். எதிர்க் கட்டடத்து வரிசை நெளியும். நடுவில் படமெடுப்பவனின் நிழலும் நிற்கும்.

ஷோரூமில் நிற்கும் காரைத் துடைத்துக் காட்டினால் நாளைக்குப் போய் நேரில் பார்த்துக்கொள்ளலாம். தெருவில் இல்லாத வண்டியைத் துடைத்தால் எதைப் போய்ப் பார்ப்பது? பேரப்பிள்ளைக்கு இனி படம்தான் டாக்ஸி.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைக்கிறேன். புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் 1999-ல் மறைந்தார். அம்பாசிடர் காரை வைத்து அவர் எடுத்த படங்கள் 'எ வே இன்டு இந்தியா' என்ற பெயரில் 2002-ல் நூலாக வந்தன. கதவு, ஜன்னல், முன்கண்ணாடி எல்லாம் அதில் படத்துக்குள் படமாக நிற்கும். காரும் ஊரும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டே இருக்கும். வண்ண ஸ்லைடு பிலிமில் உழைத்தவர் அவர்; இருட்டை இருட்டாகவே விட்டுவிட்டார். ஜன்னல் சட்டம் கன்னங்கரேலென்று படத்தை வெட்டிக்கொண்டு போகும். இன்றைக்கு ஒரு இளைஞனிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தால் முதல் வேலையாக அந்தக் கறுப்பைத் திறந்துவிடுவான். திறந்தால் படம் போச்சு.

'அழகுக்காகத்தானே சார் செய்கிறோம்' என்று ஒரு இளைய நண்பர் என்னிடம் வாதாடினார். நல்ல திறமைசாலி, லைட்ரூமில் அவர் கை ஓடுவதைப் பார்த்தால் வீணை வாசிக்கிற மாதிரி இருக்கும். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: வெளிச்சத்தைத் திருத்து, நிறத்தைத் திருத்து, நிழலைத் திற, மீட்டரையும் நசுங்கலையும் பானெட்டில் விழுந்த தெருவையும் தொடாதே. அவர் பாதிக்குத்தான் ஒப்புக்கொண்டார். பம்பர் ஓரத்தில் கிடந்த குர்குரே பாக்கெட்டை அழித்தே தீருவேன் என்றார். அதில் இன்னும் எங்களுக்குள் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் பழைய ஆல்பம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரியரில் மூட்டையோடு நிற்கும் டாக்ஸிப் படம் அதில் ஒன்று இருந்தால், 'புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்' என்று ஸ்டூடியோக்காரர் சொல்லும்போது, திருத்தாத ஸ்கேன் ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். படத்தின் பின்புறம் யாராவது பென்சிலில் தேதி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து.