எழுவாயாக நிற்கும் எடை

சூசன் சொண்டாக்கின் ‘இல்னஸ் அஸ் மெட்டஃபர்’ 1978இல் வெளிவந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபின் எழுதிய நூலானாலும், தன் நோயைப் பற்றி அதில் அவர் பேசவில்லை. நோயாளியின் மீது சமூகம் ஏற்றும் அர்த்தங்களைத்தான் ஆராய்ந்தார். அதிலுள்ள இரண்டு கருத்துகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். உணர்ச்சிகளை அடக்கிவைப்பவர்களுக்கே புற்றுநோய் வரும் என்ற நம்பிக்கை, நோயோடு பழியையும் நோயாளியின் தலையில் கட்டுகிறது என்பது ஒன்று. காசநோயாளியின் மெலிவை அழகாகக் கண்ட பழைய மனம், ஒல்லியான பெண்ணுடல் மீதான நவீன மோகத்தில் இன்னும் வாழ்கிறது என்பது மற்றொன்று. சொண்டாக் இவற்றைத் தனித்தனியாகவே விட்டுச்சென்றார். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்ணின் எடையைப் பற்றி இன்று நடக்கும் பேச்சில் இரண்டும் ஒன்றுசேர்ந்துவிட்டன என்பது என் வாசிப்பு.

அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 82 ஆய்வுகளையும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களையும் உள்ளடக்கிய 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று உண்டு. நோய் கண்டறியப்படும் முன்பே உடல் பருமன் இருந்தவர்களுக்கு, இயல்பான எடை கொண்டவர்களைவிட மரண அபாயம் சுமார் 41 சதவீதம் கூடுதல் என்று அது காட்டியது. மாதவிடாய் நின்றபின் உடலின் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது; பல மார்பகப் புற்றுக்கட்டிகள் அந்த ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை. பெண்ணுடலைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி இதை மறுப்பதால் எந்தப் பெண்ணுக்கும் நன்மையில்லை.

ஆனால் ‘எடை ஆயுளைக் குறைக்கிறது’ என்ற வாக்கியத்தை இலக்கணம் படித்தவள் என்ற முறையில் கொஞ்சம் நிதானமாகப் படிக்கிறேன். எடைதான் அதன் எழுவாய். அந்த எழுவாய்க்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா?

கீமோதெரபி மருந்தின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். பருத்த பெண்ணுக்கு அந்தக் கணக்கில் வரும் அளவு பெரிதாக இருக்கும். பக்கவிளைவுக்கு அஞ்சி மருத்துவர்கள் பலர் அதைக் குறைத்தே கொடுத்துவந்தார்கள். அமெரிக்காவில் 9,600க்கு மேற்பட்ட பெண்களின் சிகிச்சைப் பதிவுகளைப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், மிக அதிகப் பருமன் கொண்டவர்களில் 37 சதவீதத்தினருக்கு முதல் சுற்றிலேயே மருந்து குறைக்கப்பட்டிருந்தது. இயல்பான எடை கொண்டவர்களில் அது 9 சதவீதம். முழு எடைக்குரிய அளவையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2012இல்தான் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படியானால் பழைய கணக்குகளில் ‘எடை’ என்று பதிவானவற்றில் ஒரு பங்கு, கொடுக்கப்படாத மருந்தாக இருக்கலாம். பழி மட்டும் முழுதாகப் பெண்ணுக்கே போய்ச்சேர்ந்தது.

சிகிச்சையே எடையைக் கூட்டுவதும் உண்டு. ஸ்டீராய்டு, களைப்பு, மருந்தால் முன்கூட்டியே நின்றுபோகும் மாதவிடாய் என அதற்குப் பல காரணங்கள். அதன்பின் அவள் கையில் கிடைக்கும் அறிவுரைச் சீட்டில் எல்லாமே ஏவல் வினைகள்: குறையுங்கள், நடங்கள், தவிருங்கள். அவள் நடக்கப்போகும் நேரத்தில் வீட்டில் யார் சமைப்பது என்று அந்தச் சீட்டு சொல்வதில்லை. எடை கூடினால் ஆபத்து என்பதும், பின்னால் எடையைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதும் ஒரே கூற்றல்ல. உணவுமுறை மாற்றம் பற்றிய இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளில், 2006இல் வெளியானது நோய் திரும்புவது ஓரளவு குறைந்ததாகச் சொன்னது. அதில் பெண்கள் சில கிலோ மெலிந்திருந்தார்கள். 2007இல் வெளியானது எந்தப் பயனையும் காணவில்லை. அதில் எடையும் குறையவில்லை. இவ்வளவு ஐயத்துக்கு இடமிருக்கும்போது சீட்டின் ஏவலில் மட்டும் அத்தனை உறுதி எங்கிருந்து வருகிறது?

ஆட்ரி லார்ட் தன் ‘த கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலில் (1980) செயற்கை மார்பகம் அணிய மறுத்ததை எழுதினார். அறுவை சிகிச்சை முடிந்த பெண்ணிடம் தோற்றத்தைச் சரிசெய்வதே முதல் வேலை என்று மருத்துவ உலகம் சொல்வதை அவர் எதிர்த்தார். எடை பார்க்கும் கருவிக்கும் அந்த மறுப்பைப் பொருத்தலாம் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. செயற்கை மார்பகம் உயிரைக் காப்பதில்லை. எடையோ உயிரோடு தொடர்புடையது. அதனால் அதைப் புறக்கணிக்க முடியாது. கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் நாளில், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன், ‘என் முழு எடைக்குரிய மருந்தைத்தான் கொடுக்கிறீர்களா?’ என்று ஒரு பெண் கேட்கலாம். அவளால் கேட்க முடியாதபோது உடன்போகும் இன்னொரு பெண் கேட்கலாம்.