கட்டடத்துக்கா, டன்னுக்கா? கரிம நீக்கத்துக்கு அரசு கொடுக்கும் பணம்

காற்றில் கலந்துவிட்ட கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து நிலத்தடியில் புதைக்கும் வேலைக்குத் தானாக ஒரு சந்தை உருவாகாது. மைக்ரோசாஃப்ட் போன்ற சில நிறுவனங்கள் தங்கள் உமிழ்வுக் கணக்கைச் சரிக்கட்ட விரும்பி வாங்குவதைத் தவிர, பெரிதாக வாடிக்கையாளர்கள் இல்லை. பலன் உலகத்துக்கே பொதுவாகப் போய்ச் சேர்கிறது. செலவு மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது. இப்படிப்பட்ட வேலைக்கு அரசுதான் பணம் போட வேண்டும் என்ற வாதம் நியாயமானது. அந்தப் பணத்தை அரசு எந்தக் கட்டத்தில், எதைக் கையில் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது என்பதில்தான் சிக்கல்.

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, நிகர பூஜ்ய இலக்கை எட்ட கரிம நீக்கம் தவிர்க்க முடியாதது என்றது. உமிழ்வை எவ்வளவு குறைத்தாலும் விமானம், வேளாண்மை, சிமெண்ட் போன்ற துறைகளில் ஒரு மிச்சம் இருக்கும். அதை ஈடுகட்டவே நீக்கம். ஆனால் புதைபடிவ எரிபொருளால் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. நீக்கத்தைக் காட்டிக் குறைப்பைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

கரிம நீக்கத்துக்காகப் பெரிய அளவில் மானியம் ஒதுக்கிய நாடு அமெரிக்கா. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம், காற்றிலிருந்து நேரடியாக வாயுவைப் பிடிக்கும் நான்கு மையங்களுக்கு 350 கோடி டாலர் ஒதுக்கியது. 2023 ஆகஸ்டில் லூசியானாவின் ‘ப்ராஜெக்ட் சைப்ரஸ்’, டெக்சஸின் தெற்கில் ஆக்ஸிடென்டல் எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனம் அமைக்கும் மையம் ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 120 கோடி டாலர் வரை தருவதாக எரிசக்தித் துறை அறிவித்தது. ஒவ்வொன்றின் இலக்கும் ஆண்டுக்கு 10 லட்சம் டன்.

இந்த மானியத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் நான்குதான் கரியமில வாயு. அந்த நான்கைப் பிடிக்க ராட்சத மின்விசிறிகளால் காற்றை இழுத்து, வாயுவை ஈர்க்கும் வேதிப்பொருள் மீது படவிட்டு, பிடித்த வாயுவை வெப்பமூட்டி விடுவிக்க வேண்டும். மின்சாரமும் வெப்பமும் ஏராளமாகச் செலவாகும். இதுவரை பெரிய அளவில் ஓடிக் காட்டாத இயந்திரத்தை நம்பி எந்த வங்கியும் கடன் கொடுக்காது. புதைத்த ஒவ்வொரு டன்னுக்கும் 180 டாலர் வரிச்சலுகை உண்டு என்று 2022-இல் சட்டம் வந்தது. ஆனால் ஆலை ஓடிய பிறகே அது கைக்கு வரும். ஆலையைக் கட்டி முடிக்கும் வரையிலான பள்ளத்தை நிரப்புவது மானியம்தான்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. முழுக் கூலியையும் முன்பணமாக வாங்கிக்கொண்ட மேஸ்திரியிடம் பிறகு கறார் பேச முடியாது. அமெரிக்கா இதை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நிலக்கரி ஆலைப் புகையிலிருந்து வாயுவைப் பிடிக்கும் எட்டுத் திட்டங்களுக்கு எரிசக்தித் துறை சுமார் 68 கோடி டாலர் செலவிட்டது. அவற்றில் ஓடும் நிலைக்கு வந்தது டெக்சஸின் பெட்ரா நோவா ஒன்றுதான் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021-இல் அறிக்கை கொடுத்தது. பெட்ரா நோவாவும் பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்தி மேலும் எண்ணெய் எடுக்கவே பயன்படுத்தியது.

புதிய மையங்களுக்கு நிதியைக் கட்டம் கட்டமாக விடுவிக்கும் ஏற்பாடு வந்தது. சைப்ரஸுக்கு 2024-இல் முதல் தவணை 5 கோடி டாலர். இது முன்னேற்றம்தான். ஆனால் தவணை முறை அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. 2025-இல் ஆட்சி மாறியதும் அடுத்த தவணைகள் கேள்விக்குறியாயின. சைப்ரஸின் பங்காளியான சுவிஸ் நிறுவனம் கிளைம்வொர்க்ஸ், அந்த ஆண்டு மே மாதம் ஆட்குறைப்பை அறிவித்தபோது அமெரிக்க ஆலையின் அடுத்த கட்டம் தெளிவாகாததையும் ஒரு காரணமாகச் சொன்னது. இன்னொரு பக்கம், இந்தத் தொழில்நுட்பம் எண்ணெய்த் தொழில் இன்னும் பல பத்தாண்டுகள் நீடிக்க உரிமம் தரும் என்று ஆக்ஸிடென்டலின் தலைவர் விக்கி ஹாலப் 2023-இல் வெளிப்படையாகவே பேசினார். வரிப்பணம் மாசை அகற்றப் போகிறதா, மாசுபடுத்துபவருக்கு அவகாசம் வாங்கித் தரப் போகிறதா என்று மக்கள் கேட்பதில் தவறில்லை.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. எவ்வளவு குறைந்த தொகைக்கு ஒரு டன்னை நிரந்தரமாகப் புதைப்பீர்கள் என்று கேட்டுத் தலைகீழ் ஏலம் நடத்தியது. 2025 ஜனவரியில் ஸ்டாக்ஹோம் எக்ஸெர்கி என்ற நகர வெப்ப நிறுவனம் வென்றது: 15 ஆண்டுகளில் 2,000 கோடி குரோனர் வரை. மரக்கிளை, பட்டை, மர அறுவைக் கழிவு ஆகியவற்றை எரித்து நகரத்துக்கு வெப்பம் தரும் அதன் ஆலைப் புகையிலிருந்து ஆண்டுக்கு 8 லட்சம் டன் பிடித்து, திரவமாக்கி, கப்பலில் நார்வேக்கு அனுப்பி, கடலடித் தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துவது திட்டம். உத்தேசமாக டன்னுக்கு 1,700 குரோனர். புதைக்காத டன்னுக்குப் பணமில்லை; ஆலை ஓடாவிட்டால் நஷ்டம் நிறுவனத்துக்கு, வரி கட்டுபவருக்கு அல்ல.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. சொந்த ஆலையும் கடன் வாங்கும் வலுவும் உள்ளவர்தான் ஏலத்தில் நிற்க முடியும். முதல் சுற்றில் வென்றவர் ஒருவரே. புது யோசனையோடு வரும் சிறு குழு வாசலிலேயே நின்றுவிடும். எரிப்பது உண்மையிலேயே கழிவு மரம்தானா என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வி கணக்கில் இருக்கிறது. அதே எக்ஸெர்கி, மைக்ரோசாஃப்ட்டுக்கும் பல லட்சம் டன் நீக்கத்தை விற்றிருக்கிறது. அரசு மானியம் கொடுத்த டன்னை நாடு தன் காலநிலை இலக்கில் எழுதுகிறது. நிறுவனமும் தன் இலக்கில் எழுதுகிறது. வளிமண்டலத்திலிருந்து போனது ஒரு டன்தான்.

இரண்டையும் நிறுத்துப் பார்த்தால், ஒன்றைக் கொண்டு மற்றதை ஒதுக்கிவிட முடியாது. முன்பண மானியம் ஆய்வகத்திலிருந்து முதல் சோதனை ஆலை வரை போகட்டும். அங்கே தோல்வியும் பாடம்தான், தொகையும் சிறியது. பத்து லட்சம் டன் பேசும் ஆலைக்கு, மூன்றாம் தரப்பு அளந்து உறுதிசெய்த டன்னுக்கு மட்டுமே பணம் என்ற விதி வேண்டும். அறிவிப்புக்கும் அளவுக்கும் உள்ள தூரம் சின்னதல்ல: ஆண்டுக்கு 4,000 டன் என்று 2021-இல் ஐஸ்லாந்தில் தொடங்கிய கிளைம்வொர்க்ஸின் ஓர்கா ஆலை அந்தக் கொள்ளளவை எட்டவே இல்லை என்பதை அந்நாட்டு இதழ் ஒன்று 2025-இல் வெளிக்கொண்டுவந்தது.

ஆகவே மானியம் கொடுக்கும் எந்த அரசும் ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதிவிட வேண்டும்: அளவீடு பொதுவில் வெளியாகும், அரசுப் பணம் பெற்ற பங்கை வேறு எவரும் தம் கணக்கில் காட்டக் கூடாது, பிடித்த வாயு எண்ணெய்க் கிணற்றுக்குப் போனால் மானியம் இல்லை. இவற்றை ஏற்காத நிறுவனத்துக்கு வரிப்பணம் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.