கடையும் கல்லூரியும்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) நாவலை வணிகக் கல்வி பற்றிய நூலாகவும் படிக்கலாம். கல்லூரி வாயிலை மிதியாமலே வணிகத்தைத் தானே கற்றுக்கொள்ளலாம் என்பார்க்கு அது நல்ல சான்றாகத் தோன்றும். பெட்டியடிப் பையனாய்ப் புகுந்தவன் அடுத்தாளாகி, மேலாளாக உயரும் வட்டிக்கடை உலகம் அது. பேரேடும், ஆளை எடைபோடும் பார்வையும் கடையிலேயே கைவந்துவிடுகின்றன. சிங்காரமே மேடானில் கடைப்பணியில் இருந்தவர்.

ஆயினும் நாவலின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. நேதாஜியின் படையில் சேர்ந்து மீளும் செல்லையாவுக்கு மகளைக் கொடுக்க முதலாளி மறுத்துவிடுகிறார். தொழிலறிவில் அவனிடம் குறை காணப்படவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் கடைக்கு ஆகான் என்பதே தீர்ப்பு. ஆக, கடையும் ஒரு பள்ளிதான். தேர்வாளர் ஒருவரே, மேன்முறையீடு கிடையாது.

பெல்மதுளையில் வைத்து நோக்கும்போது இது கூர்மையடைகிறது. இரத்தினபுரி மாவட்டத்து மாணிக்க வணிகமும் ஏட்டுக்கல்வியால் வருவதன்று. கல்லை ஒளியிற் பிடித்து நிறமும் கீறலும் தேரும் கண், ஆண்டுக்கணக்கிற் பழகுவது. அப்பழக்கம் வாய்க்கப் பெரும்பாலும் தந்தையோ மாமனோ அத்தொழிலில் இருத்தல் வேண்டும். லயத்துப் பிள்ளைக்கு யார் இருந்தனர்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் வழிவந்தவன் அவன்.

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வழியாகச் சென்றால் பெலிஹுல்ஓயா. 1990களில் அங்கே எழுந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடம் உண்டு. அங்கே மாமன் யார் என வினவப்படுவதில்லை. உயர்தரப் பெறுபேறே வினவப்படும். அதைப் பெறத் தோட்டப் பாடசாலைகளில் வணிகப் பிரிவுக்கு ஆசிரியர் உளரா என்பது தனியே ஆராயத்தக்கது.