நாமா, நாங்களா?

மொழிபெயர்ப்பைத் திறனாய்வு செய்வோர் பெரும்பாலும் பெரிய சொற்களிலேயே கண்ணாக இருப்பர். 'அருள்' என்பதா, 'கிருபை' என்பதா என்று நெடுநேரம் வாதிடுவர். 'நாம்', 'நாங்கள்' போன்ற சிறு சொற்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் விவிலியத்தைத் தமிழில் தருபவர் தயங்கி நிற்கும் இடங்கள் சில இச்சிறு சொற்களில்தான் இருக்கின்றன.

கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. அவரை நீக்கிச் சொன்னால் 'நாங்கள்'. ஏட்டைத் தொடாத பாட்டியும் இதில் பிழை செய்யமாட்டார். தெலுங்கிலும் மலையாளத்திலும் இவ்வேறுபாடு உண்டு. இன்றைய கன்னடமோ 'நாவு' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிக்கொள்கிறது. கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் ஆகியவற்றிலும் அப்படியே. உலகின் 200 மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களால் காட்டுபவை 63 என்று கண்டனர். பெருவில் பணியாற்றிய தொமினிக்கன் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ், 1560இல் வெளியிட்ட கெச்சுவா மொழி இலக்கணத்தில் இவ்வேறுபாட்டை ஐரோப்பியருக்கு விளக்கிக் காட்டினார்.

ஆக, நற்செய்தியாளரின் கிரேக்கம் திறந்து வைத்துவிட்டுப் போன கதவைத் தமிழ் ஏதேனும் ஒரு பக்கம் சாத்தியே ஆகவேண்டும். எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் மொழிபெயர்ப்பாளர் அவ்வேளையில் விளக்கவுரையாளராகவும் ஆகிவிடுகிறார்.

மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் புயல் படகை அலைக்கழிக்கிறது. ஆண்டவர் தூங்குகிறார். தாங்கள் மடிவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் கேட்கின்றனர். மடியப் போவது 'நாமா', 'நாங்களா'? 'நாம்' என்றால் ஆண்டவரும் அவர்களோடு மூழ்குவார் என்ற எளிய அச்சம் புலப்படும். 'நாங்கள்' என்றால் அது குற்றச்சாட்டாகிறது: எங்கள் துன்பம் உம்மைத் தொடவில்லையே! கேள்வியின் கடுமையை நோக்க, 'நாங்கள்' என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து. ஆயினும் அவரும் அதே படகில்தான் இருக்கிறார். சீடர் மறந்துபோன அந்த 'நாம்' வாசகரின் உள்ளத்தில் ஒலிக்கவேண்டும்.

யோவான் 4ஆம் அதிகாரத்திலும் இத்தகைய சிக்கல் எழுகிறது. சமாரியப் பெண் யாக்கோபைத் தந்தை என்று குறிப்பிடுகிறார். யாக்கோபு யூதருக்கும் மூதாதை. எனவே 'நம் தந்தை' என்பது வரலாற்றுக்கு ஒத்ததே. ஆனால் சற்று முன்னர்தான், யூதர் ஒருவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்பதெப்படி என்று அவர் வியந்திருக்கிறார். பகைமையின் கோடு இன்னும் அழியவில்லை. அந்நிலையில் 'எங்கள்' என்பதே அவர் வாய்க்கு இயல்பு. முதலிலேயே 'நம்' என்று போட்டுவிட்டால், உரையாடல் சிறிது சிறிதாகக் கடக்கவேண்டிய தொலைவை நாம் ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம்.

இனி நாள்தோறும் நாம் சொல்லும் ஆண்டவர் கற்பித்த செபத்திற்கு வருவோம். அதில் தந்தையை 'எங்கள்' என்றே அழைக்கிறோம். இது பிறரை ஒதுக்குவதாகாதா என்று கேட்போர் உண்டு. இலக்கணம் அதற்கு அமைதியாக விடை தருகிறது. 'எங்கள்' நீக்குவது கேட்பவரை மட்டுமே. இங்கே கேட்பவர் இறைவன். அவரும் பிள்ளைகளுள் ஒருவர் ஆகாமையால் 'நம் தந்தையே' என்று அவரை அழைத்தல் இயலாது. மலாய் மொழியில் 'கித்தா' சேர்ப்பது, 'காமி' நீக்குவது. செபத்தில் வருவது 'காமி'. கெச்சுவாவிலும் நீக்கும் வடிவமே வழங்குகிறது. ஒன்றையொன்று அறியாத மொழிகள் ஒரே முடிவுக்கு வந்தது வியப்பன்று. செபம் யாரை நோக்கியது என்பதில் அவற்றுக்கு ஐயமில்லை.

இதனாலேயே விசுவாசிகளின் மன்றாட்டை எழுதுவோர் விழிப்பாய் இருத்தல் நலம். 'இறைவா, நாம் செய்த பாவங்களை மன்னியும்' என்று எழுதினால், பாவத்தில் இறைவனையும் பங்காளி ஆக்கிவிடுகிறோம்!

பீடத்தை நோக்கி நிற்கையில் 'நாங்கள்'. திரும்பி ஒருவரையொருவர் பார்க்கையில் 'நாம்'. கூட்டம் ஒன்றே, முகம் திரும்பும் திசைதான் வேறு. கோவிலில் இறைவனிடம் 'எங்கள் தந்தையே' என்றவர், வாசலில் நிற்கும் ஏழையிடம் 'நம் தந்தை' என்று சொல்லக் கடமைப்பட்டவர். அங்கேயும் 'எங்கள்' என்றே அவர் சொல்வாராயின், பிழை இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை.