முடிச்சுப் போட்டவர்களும் ஜிப் வைத்தவர்களும்

மலர்க் குழுவினர் கேட்டது, அமெரிக்கப் பெண்களின் கோடைக்கால விளையாட்டுடை மரபுகளைப் பற்றி இரண்டு பக்கம். 1940, 50-களின் பெயர்கள் நம் தையற்கலைச் சங்கத்தாருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆசியாவிடமிருந்து எந்த வழியினர் எதை எடுத்துக்கொண்டார்கள் என்ற வழக்கு மட்டும் மாதக் கூட்டங்களில் இன்னும் தீர்ந்தபாடில்லை.

டீனா லெஸரிடம் தொடங்குவதுதான் மரியாதை. 1935-ல் ஹொனலூலுவில் கடை வைத்தவர், போர் வந்ததும் நியூயார்க்குக்கு மாறினார். 1949-ல் உலகைச் சுற்றி வந்தார். கைலிக்கட்டை நீச்சலுடையாக்கினார், வேட்டிக் கொசுவத்தைக் கால்சட்டையில் கொண்டுவந்து வைத்தார். லெஸர் அன்பர்கள் நம்மில் பலர். அவரிடம் தையற்காரியின் கையைவிடப் பயணியின் கண் ஒரு படி கூடுதல் என்றால் அவர்கள் கோபிக்கக் கூடாது. கரோலின் ஷ்னூரரும் பயணிதான். ஜப்பானில் பார்த்ததை அமெரிக்கப் பருத்தியில் இறக்கினார். 1948-ல் ஹொனலூலுவில் தொழில் தொடங்கிய ஆல்ஃபிரட் ஷாஹீன் துணியைத் தானே அச்சடித்து, சீனத்துச் சியோங்சாம் வெட்டில் தைத்தார்.

போனி காஷின் கிமோனோவைப் போலக் கைக்குழித் தையலே இல்லாமல் வெட்டியவர். ஆனால் அவர் புகழ் கோட்டில். கோடைக்கு அவரைத் தேடிப் போவோர் குறைவு.

கிளேர் மெக்கார்டெலிடம் வரும்போது இக்கட்டுரையாளர் நடுநிலை காட்டப்போவதில்லை. கத்திரி பிடிக்கக் கற்றுத்தந்த மாஸ்டர் அந்த வழிக்காரர். சங்கத்தின் முதல் வரிசைப் பெரியவர். மெக்கார்டெல் இளம் வயதில் பாரிஸில் மதலேன் வியொனேயின் பழைய உடைகளை வாங்கி, தையலைப் பிரித்துப் பிரித்துப் படித்தார். வியொனே கிமோனோவிடம் கற்றவர். ஆக ஆசியா இவருக்குப் பூவாகவோ டிராகனாகவோ வரவில்லை, வெட்டாக வந்தது. 1938-ல் வந்த அவரது 'துறவி அங்கி'யில் இடுப்புத் தையல் கிடையாது. கட்டிக்கொள்கிறவள் இழுத்துக் கட்டும் இடமே இடுப்பு. 1942-ல் வந்த 'பாப்ஓவர்' சுற்றிக் கட்டும் உடை; விலை 6.95 டாலர். கால்களுக்கு நடுவே துணியைக் கொண்டுவந்து முடியும் அவரது நீச்சலுடையை, கச்சம் கட்டத் தெரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாஸ்டரின் சோதனை ஒன்றுதான். முடிச்சை அவிழ்த்துவிட்டு உடையை மேசையில் போடுவார். தட்டையாகப் படுத்தால் தேர்வு.

மெக்கார்டெல் கையாண்ட துணிகளில் நம் மதராஸ் கட்டமும் உண்டு. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வதால் அதற்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் இல்லை. சுற்றிக் கட்டும் உடையில் காற்றடித்தால் உள்பக்கம் வெளியே தெரியும். அந்த வெட்டுக்கு இந்தத் துணி பொருந்தியதன் ரகசியம் அதுவே. சாயம் கசிவதையே பெருமையாக்கி 1960-களில் அமெரிக்கர்கள் அதை விற்றார்கள்.

இன்று இத்தகைய உடை தைப்பவர்கள்? பெயர் சொல்வது முறையல்ல. சிலர் சங்கத்துக்கு நன்கொடை தருபவர்கள், திறமையிலும் குறைவில்லை. ஆனால் முடிச்சை அலங்காரத்துக்குத் தைத்து வைத்துவிட்டு, பக்கவாட்டில் ஜிப் வைக்கிறார்கள். கட்டத்தை நெய்யாமல் அச்சடித்த துணி, புரட்டினால் வெள்ளை. பக்கத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர்வதில்லை. சேர்க்கக் கொஞ்சம் துணி கூடுதலாகும், அவ்வளவுதான். அந்தத் துண்டுத்துணியை மிச்சம் பிடிக்கவா ஒரு தலைமுறையே தொழில் பழகியது? கட்டம் சேராத இடுப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காலர் கோணினாலும் தெரியாது, காஜா பிரிந்தாலும் உறைக்காது. பிறகு கத்திரி எதற்கு, நாடா எதற்கு, சங்கம்தான் எதற்கு? சென்ற ஆண்டு ஒரு போட்டியில் இத்தகைய உடைக்கே முதல் பரிசு போனது. நடுவர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார்களாம். அவர்கள் மேல் குறையில்லை. நேரமும் குறைவு, விளக்கும் மங்கல்.

அடுத்த போட்டியில் ஒவ்வொரு உடையையும் அவிழ்த்து, புரட்டி, மேசையில் விரித்துப் பார்த்த பிறகே மதிப்பெண் போட வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேசையை இக்கட்டுரையாளரே கொண்டுவரச் சம்மதம்.